ஷூவுக்குள் ஈரம்: எந்த வழியாக வந்தது என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி?

ஜூன், ஜூலையில் போடியில் புழுதி பறந்துகொண்டிருக்கும். அதே நாளில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் மழை விடாமல் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துச் சரிவில் கொட்டிவிட்டு, தேனி, கம்பம் பக்கம் வரும்போது வெறுங்காற்றாக இறங்குகிறது. ஐப்பசி பிறந்தால் கணக்கு மாறி, வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவையும் நனைத்துவிடும். அடிவாரத்து வெயிலை நம்பி மெஷ் (வலைத்துணி) வைத்த லைட் ஷூவோடு கிளம்புபவர்கள் மேலே போனதும் ஈரக்காலோடு நிற்பது இதனால்தான்.

அதற்காக லைட் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காலை நனையாமல் வைத்திருக்கும் என்று பருவமழைக் காலத்தில் எந்த ஷூவையும் நம்ப முடியாது. கனமான தோல் பூட்ஸும் ஒருமுறை உள்ளே நனைந்தால் இரண்டு நாள் காயாது. மெஷ் ஷூ சீக்கிரம் நனையும், சீக்கிரம் வடியும், சீக்கிரம் காயும். ஆகவே தடுக்க முடிந்த தண்ணீரைத் தடுப்போம். தடுக்க முடியாததை வேகமாக வெளியேற்றுவோம். ராத்திரி எட்டு மணி நேரமாவது பாதத்தைக் காய்ந்த நிலையில் வைப்போம். இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலைக் கெடுப்பதும் அதுதான்.

முதல் நிறுத்தத்திலேயே சாக்ஸைப் பாருங்கள்

நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றுங்கள். சாக்ஸ் எங்கே கறுத்திருக்கிறது என்று பாருங்கள். விரல் முனை மட்டும் நனைந்திருந்தால் புல்லிலும் பனியிலும் வந்த ஈரம். கணுக்காலிலிருந்து கீழே இறங்கியிருந்தால் மேல்வாய் வழியாக வந்தது. பாதத்தடி முழுக்க ஒரே சீராக, கதகதப்பாக ஈரம் இருந்தால் வியர்வை. விரல் மடங்கும் இடத்தில் ஒரு பக்கமாகத் திட்டுப் போல நனைந்திருந்தால் அங்கே ஷூ கிழிந்திருக்கிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் போனால் எல்லாம் கலந்து ஒரே ஈரமாகிவிடும். அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

விரல் பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது

மழை இல்லாத காலையிலும் இது நடக்கும். டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையிலும் மேகமலைப் புல்வெளியிலும் ராத்திரிப் பனி இலைகளில் தங்கியிருக்கும். ஒவ்வொரு எட்டிலும் ஷூவின் மூக்கு அந்தப் புல்லைத் துடைத்துக்கொண்டே போகிறது. மெஷ் வழியாகப் பத்து நிமிடத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

கிளம்பும் நேரத்தைத் தள்ளிப்போட முடிந்தால் அதுவே முதல் மருந்து. வெயில் புல்லில் பட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு அதே பாதையில் நடந்தால் சாக்ஸ் நனையாது. தள்ளிப்போட முடியாதென்றால், ஷூவின் மேல் பாதியை மூடும் குட்டைக் கெய்ட்டர் போடுங்கள். முன்பக்கக் கொக்கி லேஸின் முதல் கண்ணியில் மாட்டும்படி இருக்கட்டும். அதற்கு மேலே மாட்டினால் மூக்குப் பகுதி திறந்தே கிடக்கும். கெய்ட்டர் போட்டும் பயனில்லை. இன்னொரு வழி: புல்வெளி முடியும்வரை பழைய சாக்ஸோடு நடந்து, அது முடிந்ததும் காய்ந்த சாக்ஸுக்கு மாறுவது. நனைந்த மெஷ் நடக்க நடக்கவே பாதி காய்ந்துவிடும்.

கணுக்காலிலிருந்து ஈரம் இறங்குகிறது

மழைக்கோட்டிலிருந்து வழியும் தண்ணீர் பேண்ட்டில் இறங்கி, பேண்ட்டிலிருந்து சாக்ஸில் ஏறி, சாக்ஸ் வழியாக ஷூவுக்குள் போகிறது. வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டிருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை.

சரிசெய்வது துணியின் வரிசையில் இருக்கிறது. மழைப் பேண்ட்டின் அடிப்பகுதி ஷூவின் வாய்க்கு வெளியே, அதை மூடியபடி தொங்க வேண்டும். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகினால் தண்ணீரைக் கையால் பிடித்து உள்ளே விடுவதற்குச் சமம். மழைப் பேண்ட் புழுக்கமாக இருக்கிறது என்பவர்கள் முழங்காலுக்குக் கீழே வரும் மழைப் பாவாடை கட்டலாம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு இதே வேலையைத்தான் செய்கிறது: ஈரச் செடி உடம்பில் உரசாது, அடியில் காற்றும் போய்வரும். ஒன்றரை மீட்டர் மெல்லிய தார்ப்பாய்த் துணியும் ஒரு நாடாவும் போதும்.

அட்டைக் காலத்தில் ஒரு சிக்கல் சேர்கிறது. முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸைப் பேண்ட்டுக்கு மேலேதான் கட்ட வேண்டும். இல்லையென்றால் அட்டை உள்ளே ஏறிவிடும். அப்படிக் கட்டினால் மழைத்தண்ணீர் அதன் வழியாகவே ஷூவுக்குள் இறங்கும். இரண்டையும் ஒருசேரத் தடுக்க முடியாது. அட்டை மொய்க்கும் வால்பாறை போன்ற சோலைக்காட்டுப் பாதையில் காலை நனையவிட்டு அட்டையைத் தடுங்கள்; திறந்த புல்வெளிக்கு வந்ததும் அட்டை சாக்ஸைக் கழற்றிப் பிழியுங்கள். கெட்டிப் பருத்தியில் தைத்ததைவிட நெருக்கமாக நெய்த நைலானில் தைத்தது பல மடங்கு வேகமாகக் காயும். வேப்பெண்ணெயோ புகையிலைத் தண்ணீரோ தடவுவதென்றால் அட்டை சாக்ஸின் வெளிப்பக்கத்தில் மட்டும் தடவுங்கள். தொடர்மழையில் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி தடவ வேண்டியிருக்கும். கடித்த அட்டையை நெருப்பு வைத்தோ இழுத்தோ எடுக்காதீர்கள். ஒல்லியான முனைதான் வாய். அதன் அடியில் விரல் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். பிறகு தடித்த முனையைத் தள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது செலுத்தியது கொஞ்ச நேரம் வேலை செய்யும். கசிவு தொடர்ந்தால் பயப்படாமல் கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

மழையே இல்லை, ஆனால் உள்ளே ஈரம்

வியர்வை. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த ஷூ போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தச் சவ்வு தண்ணீரைத் துளியாக உள்ளே விடாது, ஆவியாக வெளியே விடும். ஆவி வெளியேற வேண்டுமென்றால் ஷூவுக்குள் இருப்பதைவிட வெளியே ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். மழைக்காலத்துக் கேரள மலையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. ஆவி எங்கே போகும்? பனிமலைக் குளிருக்குப் பொருந்தும் ஷூ இந்த மலைகளில் பெரும்பாலான மாதங்களுக்குப் பொருந்தாது. வாங்குவதற்கு முன்னால் இதை யோசித்துவிடுங்கள். சவ்வு வைத்ததற்கு விலையும் கூடுதல்.

இருக்கிற ஷூவை வைத்துச் சமாளிக்க: பருத்தி சாக்ஸை விட்டுவிட்டு மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், நைலான் கலந்த சாக்ஸ் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலைக் காற்றில் நீட்டுங்கள். கழற்றிய சாக்ஸைப் பையின் வெளிப்பக்கத்தில் ஊக்குப் போட்டுத் தொங்கவிட்டு, இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடிகளை இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் மழையில்லாத நாளில் பாதம் ஊறாது.

வாட்டர்ப்ரூஃப் ஷூதான், ஆனாலும் ஒழுகுகிறது

மூன்று சாத்தியங்கள். மேல்துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்திருக்கலாம், சவ்வு கிழிந்திருக்கலாம், ஒழுகவே இல்லை, வியர்வையை ஒழுகல் என்று நினைத்திருக்கலாம்.

காய்ந்த ஷூவின் மேல் கையால் தண்ணீர் தெளியுங்கள். துளி உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி கறுத்துத் தண்ணீரைக் குடித்தால் பூச்சு போய்விட்டது. அப்போது சவ்வு முழுசாக இருந்தாலும், நனைந்த துணி அதைப் போர்த்திக்கொள்வதால் வியர்வை வெளியேறாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பும் பழைய பல் துலக்கியும் கொண்டு சேறு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது பூச்சை இன்னும் கெடுக்கும். நன்றாக அலசி, ஈரமாக இருக்கும்போதே நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்து, நிழலில் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், ஷூ பாலிஷ் எதையும் மெஷ்ஷில் தேய்க்காதீர்கள். துளைகள் அடைபட்டு, மண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

கிழிசலைப் பார்க்க, இன்சோலை (ஷூவுக்குள் பாதத்தடியில் கிடக்கும் மெத்தையை) எடுத்துவிட்டு உள்ளே மெல்லிய வெள்ளைத் தாளை விரல்வரை படியவையுங்கள். ஷூவின் வாய்க்கு மூன்று சென்டிமீட்டர் கீழே வரும் அளவு தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, உள்ளே ஒரு கல்லை வைத்து ஷூவை அமுக்கி, பதினைந்து நிமிடம் விடுங்கள். தாள் எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் ஓட்டை. சுண்டுவிரல் மடிப்பிலும் நாக்கின் தையலிலும்தான் பெரும்பாலும் இருக்கும். தையலில் என்றால் பாலியூரித்தேன் சீலரை மெல்லியதாகப் பூசி ஒரு நாள் விடலாம். மடிப்பில் சவ்வே விட்டிருந்தால் நடக்கும்போது அது வளைந்து வளைந்து மறுபடியும் திறக்கும். அந்த ஷூவை இனிச் சாதாரண ஷூவாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஓடையைக் கடந்த பிறகு ஷூ சளசளக்கிறது

ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு ஓடையில் இறங்குவதைவிடப் போட்டுக்கொண்டே கடப்பது நல்லது. பாசி படிந்த பாறையில் வெறுங்கால் வழுக்கும், விரல் இடுக்கில் கல் குத்தும். இன்சோலையும் சாக்ஸையும் மட்டும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, வெறும் ஷூவோடு கடந்தால் மறுகரையில் ஈரம் பாதியாகக் குறையும். பையின் இடுப்புப் பட்டையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். ஓட்டம் முழங்காலுக்கு மேல் இருந்தாலோ, தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தாலோ இறங்காதீர்கள். மேலே எங்கோ கனமழை பெய்கிறது. கூட வரும் வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மறுகரையில் நான்கு நிமிட வேலை இருக்கிறது. ஷூவைக் கவிழ்த்துக் குதிகாலில் தட்டுங்கள். ஷூவுக்குள் துண்டை வைத்து அழுத்தி எடுங்கள். சாக்ஸோடு கடந்திருந்தால் முறுக்கிப் பிழிந்து, உதறி, அதையே போடுங்கள். காய்ந்த சாக்ஸை இப்போது எடுக்காதீர்கள். ஈர ஷூவுக்குள் அது கால் மணி நேரத்தில் நனைந்துவிடும், ராத்திரிக்கு ஒன்றும் மிஞ்சாது. பிழிந்து போட்ட சாக்ஸோடு வேகமாக நடந்தால் ஒவ்வொரு எட்டும் தண்ணீரை மெஷ் வழியாக வெளியே தள்ளும்.

அரை மணி நேரம் நடந்தும் சளசளப்பு நிற்கவில்லை என்றால் ஷூவில் வடிகால் இல்லை. பக்கவாட்டில் ரப்பர் பட்டை உயரமாக ஏறியிருக்கும் ஷூக்களில் இது வரும். வீட்டுக்குப் போய், பாதத்தின் வளைவுக்கு நேரே, உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டிரண்டு துளை போடலாம். சோல் சேரும் கோட்டுக்குச் சற்று மேலே, இரண்டு மில்லிமீட்டர் ஆணியைச் சூடாக்கிக் குத்துங்கள். செயற்கைத் துணியின் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும், பிரியாது. விரல் மடியும் இடத்தில் துளை போட்டால் அங்கிருந்தே கிழியும். சவ்வு வைத்த ஷூவில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மழைக்கு எந்த ஷூவை எடுப்பது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. இருக்கிற இரண்டு ஷூக்களையும் சமையலறைத் தராசில் காய்ந்தபடி எடை போடுங்கள். வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கி, ஐந்து நிமிடம் வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். எது குறைவாக ஏறுகிறதோ அதுதான் மழைக்கால ஷூ. குதிகாலைச் சுற்றித் தடியான பஞ்சு வைத்ததுதான் அதிகம் குடிக்கும்.

இன்சோல் சுருண்டு விரலடிக்கு வருகிறது

நனைந்ததும் அடிப்பசை விட்டு, இறக்கத்தில் முன்னால் நகர்கிறது. இன்சோலை முழுக்கக் காயவைத்து, குதிகாலிலும் நடுவிலும் துணி அடித்த இருபக்க ஒட்டுநாடா ஒட்டுங்கள். தண்ணீர் குடிக்கும் திறந்த பஞ்சு இன்சோலாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அமுக்கினால் தண்ணீர் வராத மூடிய நுரை இன்சோல்தான் மழைக்கு ஆகும்.

குதிகால் தேய்கிறது, கொப்புளம் வருகிறது

ஊறிய தோல் மிருது. உரசினால் சீக்கிரம் பிரியும். நனைந்த நைலான் லேஸ் தளர்வதால் குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது. ஓடையைக் கடந்து பத்து நிமிடம் ஆனதும் நின்று லேஸை மறுபடி இறுக்குங்கள். மேலே கூடுதலாக இருக்கும் கடைசிக் கண்ணியில் லேஸை அதே பக்கமே நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்தால் குதிகால் அசையாது. சூடாக உணரும் இடத்தைக் கொப்புளம் வருமுன்னே துடைத்து ஒட்டுநாடா போடுங்கள். ஈரத்தில் நாடா ஒட்டாது. துடைத்தபின் இரண்டு நிமிடம் காற்றில் விட வேண்டும். விரல்களுக்கு நடுவில் உரசுகிறதென்றால் விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் போட்டால் நிற்கும்.

பாதம் வெளுத்துச் சுருங்கி எரிகிறது

இதை அலட்சியம் செய்யக் கூடாது. பல மணி நேரம் ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கி, ஊன்றும்போது எரியும். அன்றே நடையைக் குறைத்து, கழுவி, துடைத்து, காற்றாட விட்டால் ராத்திரிக்குள் சரியாகிவிடும். அப்படியே விட்டு மறுநாளும் ஊறவைத்தால் தோல் பிளந்து, விரல் இடுக்கில் சேற்றுப்புண் பிடிக்கும்.

காலையில் கிளம்புமுன் விரல் இடுக்கிலும் பாதத்தடியிலும் வாசலினையோ, மெடிக்கலில் குழந்தைகளின் அரைப்புண்ணுக்குக் கொடுக்கும் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பையோ மெல்லியதாகப் பூசுங்கள். தோலுக்குள் தண்ணீர் இறங்குவது குறையும். சாயங்காலம் தங்கும் இடத்துக்கு வந்த உடனே, டீக்கு முன்னால், கால் கழுவுங்கள். ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்துவிட்டு, படுக்கைக்கென்றே வைத்திருக்கும் சாக்ஸைப் போடுங்கள். அந்த ஜோடியை நடைக்குப் பயன்படுத்தவே கூடாது. கட்டிய பிளாஸ்டிக் கவரில் பையின் நடுவில் இருக்கட்டும்.

விரல் இடுக்கில் அரிப்பும் வெள்ளைத்தோலும் நாற்றமும் இருந்தால் பூஞ்சைத் தொற்று. ஒரு சதவீத கிளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இரண்டு வேளை, ஆறியதுபோலத் தெரிந்த பிறகும் நிறுத்தாமல் நான்கு வாரம் வரை போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னப் புண்ணாக இருந்தாலும் நடையை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொழுக்குமலை போல 2,000 மீட்டருக்கு மேலே, குளிரும் ஈரமும் சேர்ந்து கால் மரத்துப்போனால், நெருப்பருகே நீட்டாதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். காய்ந்த சாக்ஸ், கம்பளி, இன்னொருவர் உள்ளங்கைச் சூடு போதும். மரப்பு போகாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கேரளத்தில் எலிப்பனி என்று வருடாவருடம் எச்சரிக்கிறார்கள். வெட்டுக்காயம், பிளந்த தோல் வழியாக அது உடம்பில் ஏறும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேரலாம். நடந்துவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் ஈரத்தில் நடந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காலில் காயத்தோடு கிளம்ப வேண்டியிருந்தால், முன்தடுப்பு மாத்திரை தேவையா என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைக்குள் ஷூ காயவில்லை

லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலை எடுத்துத் தனியாக நிறுத்துங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல்வரை திணியுங்கள். அரை மணி நேரத்தில் அது நனைந்திருக்கும். எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. முதல் தாளை மாற்றாமல் காலைவரை விடுவதால்தான் பலருக்குக் காய்வதில்லை. ஒரு ஜோடிக்கு ஒரு நாளிதழ் முழுசாக வேண்டும். கம்பத்திலோ போடியிலோ பஸ் ஏறும்போதே பழைய பேப்பர் வாங்கிக் கவரில் கட்டிவிடுங்கள். சாக்ஸைத் துண்டின் மேல் விரித்து, துண்டோடு சுருட்டி, சுருளின் மேல் ஏறி நின்று முறுக்குங்கள். வெறும் கையால் பிழிவதைவிட அதிகம் இறங்கும்.

அடுப்புக்கும் நெருப்புக்கும் பக்கத்தில் ஷூ வேண்டாம். நடுச்சோலின் நுரை சுருங்கும், பசை இளகும். உள்ளங்கையை வைத்து நிம்மதியாக இருக்க முடியாத சூடு ஷூவுக்கும் ஆகாது. காட்டுக்குள் ஷூ காயவைக்க நெருப்பு மூட்டும் எண்ணமே வரக்கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதும், எத்தனை உயிர்கள் போயின என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்கு மறக்காது.

காலையிலும் ஷூ ஈரமாக இருந்தால், காய்ந்த சாக்ஸ் மேல் ரொட்டிக் கவரைப் போட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கூடாரப் பக்கம் நடமாடலாம். நடையைத் தொடங்கும்போது கவரைக் கழற்றிவிட்டு, நேற்றைய ஈர சாக்ஸையே போட்டுக் கிளம்புங்கள். அந்தக் குளிர்ச்சி பத்து நிமிடம்தான். கவரோடே மலை ஏறினால் வியர்வையில் கால் ஊறிவிடும்.

சோல் வாய் பிளக்கிறது

பாதையிலேயே பிளந்துவிட்டால், ஷூவின் மூக்கைச் சுற்றி நைலான் கயிற்றையோ கேபிள் டையையோ கட்டி இறங்குங்கள். முடிச்சு மேலே இருக்க வேண்டும், அடியில் வந்தால் அறுந்துவிடும். வீட்டில் ஒட்டும்போது இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, மண் போகத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொட்டால் விரலில் இழுத்து ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தி, சைக்கிள் டியூபால் சுற்றி 24 மணி நேரம் விடுங்கள். ஈரம் இருக்கும்போது ஒட்டியது முதல் ஓடையிலேயே பிரியும். விரல் மடிப்பு வரை பிளந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, சோலின் ஓரத்தைச் சுற்றி நைலான் நூலால் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.